முகம் நகராத வலைத்தளம்

காணாமற்போனோர் மீட்பு நலப் பேரவை என்று ஒன்று பழங்காநத்தத்தில் இருந்தது. காணாமற்போனவர்களைத் தவிர மற்ற எல்லோரையும் அங்கே பார்க்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர்கள், இணைச் செயலாளர்கள், கௌரவ ஆலோசகர்கள் என்று சாயங்காலமானால் ஒருவர் தப்பாமல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வடை வரும், டீ வரும். யார் நாற்காலி யார் நாற்காலிக்கு முன்னால் கிடக்கிறது என்று ஒரு சின்னச் சச்சரவு வரும். அதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

கோச்சடையில் பஞ்சர் கடை வைத்திருந்த அழகுபாண்டி அந்தப் பேரவைக்குப் போனது தன் அக்காவைத் தேடித்தான். அக்கா ஒச்சம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. எழுதப் படிக்கவும் தெரியாது. வீட்டுக்குள் கையால்தான் எல்லாப் பேச்சும். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. அழகுபாண்டியின் தாடையில் சின்ன வயதில் விழுந்து பட்ட தழும்பு ஒன்று உண்டு. தன் தாடையில் விரலால் கோடு இழுத்தால் தம்பி. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தண்ணீர் பீச்சுகிறவர்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள், கை விட்டுப்போனது. கூப்பிட்டால் கேட்காதவளை அந்தக் கூட்டத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமலே அவன் மத்தியானம் வரைக்கும் கத்திக்கொண்டு திரிந்தான்.

அம்மா சோணையம்மாள் அதோடு படுத்துவிட்டாள். ஏற்கனவே நெஞ்சு வலிக்காரி. மகள் முகத்தைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் யாரோ பேரவையைப் பற்றிச் சொன்னார்கள். அவர்கள் இன்டர்நெட்டில் வலைத்தளம் திறக்கிறார்களாம், அதில் போட்டால் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாமாம்.

திறப்பு விழாவுக்கு அழகுபாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைவர் ராஜகுரு ரிப்பனை வெட்டி மவுசை ஒரு தட்டுத் தட்டினார். வலைத்தளம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக வர ஆரம்பித்தது. வரவேற்புரை முடிந்தபோது தலைவரின் தலைமுடி வந்திருந்தது. வாழ்த்துரைகள் முடிந்தபோது நெற்றியும் கண்ணும் வந்தன. மீசைக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் செயலாளர் விருமாண்டி அழகுபாண்டிக்கு முழுவதையும் காட்டினார். மேலே பாதித் திரைக்குத் தலைவர். அதற்குக் கீழே பதவி வாரியாக, தேங்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரைக்கும் முகங்கள். கடைசியில், தாளை உருட்டுவதுபோல வெகுநேரம் உருட்டியபின், காணாமற்போனவர்கள். தபால்தலை அளவில் ஒச்சம்மாளும் இருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் பேரும் ஊரும், வாய் பேசாதவர் என்ற குறிப்பும், அழகுபாண்டியின் செல்போன் நம்பரும்.

"இனிமே நீ நிம்மதியா இரு தம்பி. அமெரிக்காவுல உக்காந்து பாத்தாலும் ஒன் அக்கா தெரிவா" என்றார் விருமாண்டி.

அக்கா அமெரிக்காவுக்குப் போயிருக்கமாட்டாள் என்று அழகுபாண்டிக்குத் தோன்றியது. பெரிய மனிதர் சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்று இருந்துவிட்டான்.

அடுத்த பங்குனியும் வந்துவிட்டது. ஒரு போன் வரவில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சோணையம்மாள் தலையைத் தூக்குவாள்.

"ஏய்யா பாண்டி, கம்ப்யூட்டர்ல வந்துட்டாளா?"

"வந்துருவாம்மா. உலகம் பூரா தேடுறாகல்ல, நேரமாகும்."

பழங்காநத்தத்தில் காவ்யஸ்ரீ என்ற பெண் பிரவுசிங் சென்டர் நடத்தினாள். அவளுடைய ஸ்கூட்டிக்கு அழகுபாண்டிதான் பஞ்சர் ஒட்டுவான். ஒருநாள் அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் தேடுபொறியைத் திறந்து, காணவில்லை, மதுரை, வாய் பேசாத பெண் என்று அடித்தாள். என்னென்னவோ வந்தது. யாரோ பேசாமல் போன காதலியைப் பற்றிய கவிதைகூட வந்தது. ஒச்சம்மாள் வரவில்லை. கோச்சடை ஒச்சம்மாள் என்றே அடித்தாள். வரவில்லை. பேரவையின் முழுப்பெயரை அடித்தபோது, பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், கைவலி வந்தபின், ஒரு மூலையில் பேரவையின் தளம் கிடந்தது.

"அண்ணே, இது எப்படிண்ணே வரும்? தேடுறது ஒரு மிஷினு. அதுக்கு எழுத்துதான் தெரியும், படம் தெரியாது. இவங்க மொத்தத் தளத்தையும் ஒரே படமா ஏத்தி வச்சிருக்காங்க. உங்க அக்கா பேரும் அந்தப் படத்துக்குள்ளதான் கெடக்கு. மிஷினைப் பொறுத்தவரைக்கும் அங்க ஒண்ணுமே இல்ல."

"அப்ப எங்கக்கா அதுல இல்லையா?"

"இருக்காங்க. தேடுனா வரமாட்டாங்க."

தொலைந்தவளைத் தேடுவதற்காகவே வைத்த இடத்தில் தேடினால் வரமாட்டாள் என்பது அழகுபாண்டிக்கு விளங்கவில்லை. எனக்கும்தான் விளங்கவில்லை. ஆனால் பேரவைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது.

வலைத்தளத்தைச் செய்தவர் கார்த்திகேஷ். ஊருக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் போர்டு அடித்துத் தருபவர். அவர் முதலில் ஒழுங்காக, எழுத்து எழுத்தாக அடித்துத்தான் தளத்தைச் செய்தார். அதைச் செயலாளர் வீட்டுச் சின்னக் கம்ப்யூட்டரில் திறந்தபோது இடம் போதாமல் எல்லாம் கொஞ்சம் நகர்ந்துகொடுத்தது. செயலாளரின் படம் சரிந்து பொருளாளரின் படத்துக்குக் கீழே போய்விட்டது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கிற சண்டையில்கூட அவ்வளவு பேச்சு வந்திருக்காது. ஒரு நாற்காலி உடைந்தது. பொருளாளர் மகன் கல்யாணத்துக்குச் செயலாளர் போகவில்லை. கடைசியில் அவசரக் கூட்டம் போட்டு, எந்தத் திரையில், எந்த நாட்டில் திறந்து பார்த்தாலும் எந்த முகமும் தன் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கார்த்திகேஷுக்குத் தெரிந்த நகராத பொருள் ஒன்றுதான். போன வருட ஆண்டுவிழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸைக் காணாமற்போனவர்களின் வால் ஒன்றைச் சேர்த்து அப்படியே தளமாக ஏற்றிவிட்டார்.

அழகுபாண்டி பேரவைக்குப் போய், தேடினால் தளம் வரவில்லை என்று பணிவாகச் சொன்னான். வடை அப்படியே நின்றது. தலைவர் ராஜகுரு எழுந்தார். நாலு பேர் இருந்தாலும் நாற்பதாயிரம் பேர் இருப்பதாக நினைத்துத்தான் பேசுவார்.

"தேடுபொறிக்கு நம்மைத் தெரியவில்லை என்கிறார் தம்பி. நான் கேட்கிறேன், இது நமக்கு இழுக்கா, தேடுபொறிக்கு இழுக்கா? பழங்காநத்தத்தில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள், என் வீட்டைக் காட்டுவார்கள். ஒரு டீக்கடைக்காரருக்கு இருக்கிற பொது அறிவு அந்த இயந்திரத்துக்கு இல்லை. நம்மைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், தோழர்களே! இதை நான் எனக்கு நேர்ந்த அவமானமாகக் கருதவில்லை. என் பதவிக்கு நேர்ந்த அவமானமாகக் கருதுகிறேன்."

"அய்யா, எழுத்தா போட்டா வருமாம். எங்கக்கா பேரை மட்டுமாச்சும்..."

"எழுத்துப் போட்டால் முகம் நகரும்" என்றார் பொருளாளர்.

"முகம் நகரக்கூடாது" என்றார் செயலாளர். கல்யாணத்துக்குப் போகாத பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

காவ்யஸ்ரீ தானே ஒரு பக்கம் எழுதிப் போடுகிறேன் என்றாள். ஒச்சம்மாளுக்கென்று தனியாக, படத்தைவிட எழுத்து அதிகமாக. அழகுபாண்டி அதைப் போய்ப் பேரவையில் கேட்டான். கேட்டிருக்கவே வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்பது அவன் வளர்ந்த வளர்ப்பு.

"ரெண்டு எடத்துல தேடுனா தேடுறவனுக்குக் குழப்பம் வரும்ப்பா" என்றார் விருமாண்டி. "பேரவையில பதிஞ்ச ஆளைப் பேரவைதான் தேடணும். அதான் சட்டதிட்டம். வெளியே போட்டீன்னா இங்க ஒன் அக்கா பேரை எடுத்துருவோம். ஸ்டேஷன்லயும் சொல்லிப்புடுவோம், இந்தக் கேஸு நம்ம கேஸு இல்லைன்னு."

ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த இடம். பகைத்துக்கொண்டால் அம்புட்டுத்தான் என்று அழகுபாண்டி பயந்துபோனான். காவ்யஸ்ரீயிடம் வேண்டாம்மா என்று சொல்லிவிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேரவை சும்மா இருக்கவில்லை. தரவரிசை மீட்புக் குழு அமைத்தது. காணாமற்போனோர் மீட்பு அதற்குப் பிறகு நடந்த எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை, தரவரிசை மீட்புதான். நிறைய பேர் வந்து பார்த்தால் தளம் முன்னுக்கு வரும் என்று யாரோ சொன்னார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் காலையில் குளித்ததும் தளத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் காவ்யஸ்ரீயின் கடையில் வரிசையில் நின்றார்கள். தளத்தின் அடியில் வந்தவர்களின் எண்ணிக்கை ஓடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அது பத்தாயிரத்தைத் தொட்டபோது பத்தாயிரமாவது பார்வையாளருக்குப் பொன்னாடை போர்த்த விழா எடுத்தார்கள். அந்தப் பார்வையாளர் செயலாளர் விருமாண்டியாக இருந்தார். தலைவர் தாமே அந்த இடத்தைப் பிடிக்க விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததாகவும், செயலாளர் நடுவில் புகுந்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள். விழாவில் தலைவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பின் செயலாளரின் மச்சினன் வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் படித்தவன், நிபுணர். அவனும் காவ்யஸ்ரீ சொன்னதையே சொன்னான், எழுத்து வேண்டும். ஆனால் செயலாளரின் மச்சினன் சொன்னதால் ஏற்றுக்கொண்டார்கள். என்ன எழுத்து என்பதில்தான் விவாதம். காணாமற்போனவர்களின் விவரங்களை எழுதலாம் என்று அழகுபாண்டி கைகூப்பினான். தலைவர் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"தம்பி, உணர்ச்சிவசப்படக்கூடாது. காணாமற்போனவர் இன்று வருவார், நாளை வேறொருவர் போவார். பேரவை நிரந்தரமானது. நிரந்தரமான பெயரைத்தானே எழுதவேண்டும்?"

அப்படியாக, 'சேவைச் செம்மல் காணாமற்போனோர் காவலர் ராஜகுரு' என்று ஆயிரம் தடவை எழுதினார்கள். படம் கெட்டுவிடக்கூடாது என்பதால் மஞ்சள் பின்னணியில் மஞ்சள் எழுத்தில், மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி எழுதினார்கள். தேடுபொறிக்கு இப்படி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்காது. ஒரு வாரத்தில் தளத்தை அடியோடு தூக்கி வெளியே போட்டுவிட்டது. முன்னே ஏதோ ஒரு மூலையில் கிடந்தது, இப்போது எந்த மூலையிலும் இல்லை. காணாமற்போனோர் பேரவை காணாமற்போய்விட்டது என்று காவ்யஸ்ரீ சிரித்தாள். அழகுபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தளம் தரவரிசைக்கு அப்பாற்பட்ட நிலையை எட்டிவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.

இருந்தாலும் தலைவருக்கு மனம் ஆறவில்லை. தேடுபொறியைக் கண்டித்து உண்ணாவிரதம் என்று அறிவித்தார். தேடுபொறியின் ஆபீஸ் மதுரையில் இல்லாததால் பழங்காநத்தம் ரவுண்டானாவில் பந்தல் போட்டார்கள். காலைப் பலகாரம் முடிந்து ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பழரசத்தோடு முடித்தார்கள். பஸ்கள் ஒன்றும் நகரவில்லை. அடுத்தநாள் ஒரு பத்திரிகை தன் இணையதளத்தில் அதைப் பற்றி நாலு வரி போட்டது. அந்த வாரம் மச்சினன் தலைவரின் பட்டங்களையெல்லாம் சேர்த்து, நீளமாக, தேடுபொறியில் அடித்துப் பார்த்தான். முதலிடத்தில் தலைவர் பெயர் வந்தது. அவ்வளவு நீளப் பெயர் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. வந்த செய்தியின் தலைப்பு, 'உண்ணாவிரதத்தால் போக்குவரத்து முடக்கம், பொதுமக்கள் அவதி'.

தலைப்பையெல்லாம் யார் பார்த்தார்கள்? முதலிடம்! வெடி போட்டார்கள். 'உலகத் தேடுபொறியில் முதலிடம் பிடித்த எங்கள் தலைவரே' என்று பழங்காநத்தம் பாலத்தை மறைக்கிற அளவுக்கு ஃப்ளெக்ஸ். அதில் பயனாளி ஒருவரின் படம் வேண்டும் என்று அழகுபாண்டியைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். என்ன பயன் அடைந்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அய்யா, எம்படம் எதுக்கு? எங்கக்கா படத்தைப் போடுங்கய்யா. நாலு பேரு பாப்பாகல்ல."

"மங்களகரமான போர்டுல காணாமப்போன பொம்பளை படத்தைப் போடச் சொல்றியேப்பா" என்று விருமாண்டி கோபித்துக்கொண்டார். "சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஃப்ளெக்ஸ் ஏறிய அன்று சோணையம்மாள் செத்துப்போனாள். காலையில் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். வெளியே வெடிச்சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, "வந்துட்டாளா?" என்றாள். மகள் வந்ததற்குத்தான் வெடி போடுகிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். அழகுபாண்டி, "வந்துட்டாம்மா, பஸ்ஸை விட்டு எறங்கிட்டா" என்றான். அந்தப் பொய்யை அவன் யோசித்துச் சொல்லவில்லை. துக்கத்துக்குப் பேரவையிலிருந்து மாலை வந்தது. மாலையில் பேரவையின் பெயர் எழுதிய பட்டை இருந்தது.

விழா முடிந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்தார்கள். அவிழ்த்த ஃப்ளெக்ஸ் எங்கெங்கோ போகும், மாட்டுக்கொட்டகைக்கும் லாரிக்கும் சந்தைக்கடைக்கும். இது அழகர்கோவிலைத் தாண்டி நத்தம் பக்கம் ஒரு வாரச்சந்தையில் வெங்காயக்காரர் ஒருவரின் நிழலுக்குப் போனது. அந்தப் பக்கத்தில் திக்கற்ற பெண்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. அதன் வார்டன் அம்மா காய்கறி வாங்க வந்தார்கள். பை தூக்க ஒரு வாய் பேசாத பெண்ணும் கூட வந்தாள். அந்தப் பெண் வெங்காயக்கடை முன்னால் நின்று மேலே பார்த்தவள், அதற்குப் பிறகு நகரவில்லை. பையைப் போட்டுவிட்டாள். இழுத்தும் வரவில்லை. ஃப்ளெக்ஸின் அடிவரிசையில் ஒரு முகத்தைக் காட்டிக் காட்டித் தன் தாடையில் விரலால் கோடு இழுத்தாள்.

வார்டன் அம்மா கெட்டிக்காரி. ஃப்ளெக்ஸில் இருந்த பேரவை நம்பருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். செயலாளர் எடுத்தார்.

"பயனாளியா? பயனாளி நம்பரையெல்லாம் எங்கம்மா மனப்பாடமா வச்சிருக்கிறது? வலைத்தளத்துல பாருங்க, எல்லா வெவரமும் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அச்சடித்தவரின் பெயரும் நம்பரும் ஃப்ளெக்ஸின் கீழ்மூலையில் இருக்குமல்லவா, அதற்குப் போட்டார்கள். கார்த்திகேஷ் எடுத்தார். படத்தை விசாரித்ததும், "அட, நம்ம கோச்சடை பஞ்சர் கடைக்காரரு" என்றார்.

அழகுபாண்டி போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் இரண்டு பேரும் புறப்படும்போது வார்டன் அம்மா சொன்னார்கள், "இவ வந்த மாசமே கம்ப்யூட்டர்ல தேடுனேன் தம்பி. காணவில்லை, மதுரை, வாய் பேசாத பெண்ணுன்னு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே வரலை. இவளைத் தேட யாருமே இல்லைபோலன்னு நெனச்சுட்டேன்." வெங்காயக்காரரிடம் கேட்டு ஃப்ளெக்ஸையும் வாங்கிச் சுருட்டிக் கொடுத்தார்கள். ஒச்சம்மாள் அதை விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்திருந்தாள்.

சாயங்காலமே பேரவை வந்துவிட்டது. கோச்சடைத் தெருவில் கார் நுழையாமல் தலைவர் நடந்தே வந்தார்.

"இணையத்தின் வெற்றி!" என்றார். "முதலிடம் பிடித்த சில நாட்களிலேயே சகோதரி கிடைத்துவிட்டார். தரவரிசை எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்!"

ஒச்சம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். தலைவர் ஒரு பக்கம், செயலாளர் ஒரு பக்கம் நிற்க, பொருளாளர் எட்டிப் பார்த்தார். இந்தப் படத்தைத் தளத்தில் ஏற்ற இடம் வேண்டும் என்பதால் அடியில் இருக்கும் மற்ற காணாமற்போனவர்களை எடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

அவர்கள் போனபின் ஒச்சம்மாள் வீட்டுக்குள் சுற்றினாள். அம்மாவின் கட்டிலைப் பார்த்தாள். மூக்குத்தி இடத்தைத் தொட்டுவிட்டு, கையை விரித்துத் தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினான். அவள் வெகுநேரம் அழுதாள். அவளுக்குச் சத்தமாக அழத் தெரியும், அது ஒன்றுதான் அவளிடமிருந்து வெளியே கேட்கும்.

அழுது முடித்தபின் தாடையில் கோடு இழுத்தாள். கையைப் புருவத்தில் வைத்து அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள். நீ என்னைத் தேடவில்லையா என்று கேட்கிறாள்.

தேடினேன் என்று தலையை ஆட்டினான். அவள் நம்பவில்லை. பின்னே ஏன் வரவில்லை என்று கையை உதறினாள். அவர்களிடம் சோற்றுக்குச் சைகை இருந்தது, மழைக்கு இருந்தது, டயருக்கு இருந்தது. தேடுபொறிக்கு என்ன சைகை? தரவரிசைக்கு? ஏகமனதான தீர்மானத்துக்கு? அழகுபாண்டி கையைத் தூக்குவதும் போடுவதுமாக நின்றான். கடைசியில் ஃப்ளெக்ஸைத் தெருவில் விரித்துப் போட்டு, தலைவர் முகத்தைக் காட்டினான். இவர்தான், இவர்களால்தான் என்று ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டே வந்தான்.

ஒச்சம்மாள் குனிந்து பார்த்தாள். பெரிய முகத்தைப் பார்த்தாள், அடுத்த முகத்தைப் பார்த்தாள், வரிசை வரிசையாக இறங்கி அடியில் தம்பியின் முகத்துக்கு வந்தாள். அங்கே நிற்காமல் அவன் முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். பிறகு அதற்குக் கீழே நகர்த்தினாள். எதைப் பார்க்கிறாள் என்று அழகுபாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவளைத் தடுக்கவும் அவனால் முடியவில்லை.

அவள் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். விரல் ஃப்ளெக்ஸின் விளிம்பு வரைக்கும் போனது. அங்கே கார்த்திகேஷின் போன் நம்பர்தான் இருந்தது.